படியிறங்காமல் எழுதிய வரி

திங்கட்கிழமையிலிருந்து இந்த மேசை உங்கள் இருவருடையது. ஆங்கிலத்தில் எழுதவேண்டியதையெல்லாம் எழுதி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எந்த வீட்டு மிதவை எவ்வளவு நீளம், யார் கடைசி நாளில் விண்ணப்பம் கொண்டுவருவார், யாருடைய நாயை நம்பக்கூடாது என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. இது அந்தக் கோப்புகளுக்குள் போகாத விஷயம். அதனால் தமிழில் எழுதுகிறேன். மேலதிகாரியிடம் மறைப்பதற்காக அல்ல. இதில் வரும் பிழை அவருக்கு நன்றாகத் தெரியும். அதன் கீழே அவர் கையொப்பமும் இருக்கிறது.

முப்பத்திரண்டு வயதில் பணி அனுபவம் எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நகர மன்றங்களை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். ஏரிக்கரை அதிகாரி என்ற என் பதவியின் பெயர் இனிக் கிடையாது. பெயர் போனாலும் ஏரி இருக்கும், அதன் கரையில் அயலவர்களும் இருப்பார்கள். நான் ஐந்து ஆண்டுகள் பட்டதை நீங்கள் முதலாம் ஆண்டிலேயே படவேண்டாம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா மன்னாரில் மீன் பிடித்தவர். அம்மா இன்றைக்கும் படிவங்களில் பெருவிரல்தான் வைப்பார். இதை நான் குனிந்துகொண்டு சொல்வதில்லை. இந்த வேலை கிடைத்து, என் பெயர் அச்சிட்ட அறிமுக அட்டைகள் வந்த அன்று, நகரின் மேற்கே நியூ லின்னில் எங்கள் வாடகை வீட்டில் மாதா படத்தின் சட்டத்துக்குள் அம்மா ஓர் அட்டையைச் செருகி வைத்தார். வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவர் என்பதால் முதல் வாரம் அதைத் தலைகீழாகச் செருகியிருந்தார். நான் திருப்பி வைத்தேன்.

இனி வேலைக்கு வருகிறேன்.

ஏரி எரிமலையின் வாய்க்குள் நிறைந்த தண்ணீர். கரையில் மணல் மிகக் குறைவு. பெரும்பாலும் கறுத்த, கூரான கல். கால் வைத்து இறங்கமுடியாது. அதனால் கரையோர வீட்டுக்காரர்கள் மிதவை போடுகிறார்கள்: காலி டிரம்களின் மேல் பலகை அடித்து, கரையோடு சங்கிலியால் கட்டிய மேடை. இங்கே கோடை தொடங்கும் ஒக்டோபர் கடைசியில், லேபர் வீக்கெண்ட் விடுமுறையில் இறக்கலாம், ஈஸ்டர் முடிந்ததும் கழற்றவேண்டும். வீட்டின் பக்க எல்லையைத் தண்ணீருக்குள் நீட்டினால் ஒரு கோடு வரும். மிதவை அந்தக் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் விலகி நிற்கவேண்டும். விதி இவ்வளவுதான். கரை நேராக உள்ள இடத்தில் இதனால் ஒரு சண்டையும் வருவதில்லை. கரை உள்வாங்கி வளைந்த இடத்தில் எல்லோருடைய கோடுகளும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று நெருங்கும். மேலே இருபது மீட்டர் புல்வெளி வைத்திருப்பவருக்குக் கீழே ஒரு படகு திருப்ப இடம் இருக்காது. உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி அந்த வளைவிலிருந்துதான் வரும்.

எனக்கு வந்ததும் அங்கிருந்துதான். வேலையில் சேர்ந்து ஏழு மாதம். தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

முறைப்பாடு கொடுத்தவரைக் கொலின் என்று வைத்துக்கொள்வோம். வீடு கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது கோடைகளாக அதே இடத்தில் மிதவை போட்டு, பேரப்பிள்ளைகளின் பாய்மரப் படகைக் கட்டி வைத்திருப்பவர். பக்கத்து வீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர். முதல் கோடையில் அவர் மிதவை போடவில்லை. இரண்டாம் கோடையில் போட்டார். அது தன் பக்கத்துக்குள் வந்துவிட்டது என்பது கொலினின் முறைப்பாடு.

பார்வையிட வருவதாக இருவருக்கும் கடிதம் அனுப்பினேன். டொக்டர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“கடிதத்தில உள்ள பேரைப் பார்த்தன். நீர் தமிழோ?”

“ஓம், டொக்டர்.”

“எந்த இடம்?”

“மன்னார்.”

“மன்னாரில எங்க? தகப்பன் என்ன செய்தவர்?”

“மீன் பிடிச்சவர்.”

அந்தப் பக்கத்தில் ஒரு விநாடி சத்தமில்லை. பிறகு, “சரி, வாரும் பிள்ளை. வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சு ஆறுதலாப் பாரும்” என்றார்.

அந்த ஒரு விநாடிக்கு நானே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன். என்ன அர்த்தம் என்று உங்களில் ஒருவருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவருக்கு: எங்கள் ஊர்ப் பக்கத்தில் அப்பாவின் தொழிலைக் கேட்பது தொழிலை அறிவதற்காக அல்ல. எந்தக் கோப்பையில் தேநீர் கொடுப்பது என்று தீர்மானிப்பதற்காகவும் கேட்பார்கள். அதைவிட இன்னொரு பயமும் இருந்தது. தமிழ் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் தேநீரோடு எழுந்து வரமுடியாது. வடை வரும், குடும்பப் படம் வரும், ‘எங்கட பிள்ளை’ என்ற பேச்சு வரும். நாளைக்கு அவர் பக்கம் தீர்ப்பு வந்தால், தமிழச்சி தமிழனுக்குச் சாய்ந்தாள் என்று கொலின் சொல்லுவார். அலுவலகமும் நம்பும்.

ஆகவே அந்த வீட்டுக்குள் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை நேர்மை என்றே நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொலின் வீட்டுக்குப் போனேன். வேலி புல்வெளி முழுக்க ஓடி, கரைமேட்டில் ஒரு மூலைத் தூணோடு முடிந்தது. அதற்குக் கீழே கொலின் பக்கம் ஆளுயரக் கற்சுவர், அதன் அடியில் தண்ணீர். கொலின் தூணைத் தட்டிக் காட்டினார். “இதுதான் எல்லை. நான் வரும்போதே இருந்தது.” வேலியின் நேரே கோட்டை நீட்டினேன். டொக்டரின் மிதவை கோட்டைத் தாண்டி ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே நின்றது. மூன்று மீட்டர் விலகல் எங்கே, இது எங்கே. சந்தேகத்துக்கே இடமில்லை.

கொலின் தேநீர் கொண்டுவந்தார், இஞ்சி பிஸ்கட்டும். வாங்கிக் குடித்தேன். வெள்ளைக்காரர் வீட்டுத் தேநீரை நான் ஒரு சலுகையாக நினைக்கவில்லை. அது எனக்கு வெறும் சுடுதண்ணீர்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம், வீட்டின் பின்வாசலில், டொக்டர் நிற்பதைக் கண்டேன். கையை உயர்த்தினார்.

“பிள்ளை, இஞ்சாலயும் ஒருக்கா வாரும். கீழ இறங்கிப் பார்க்கோணும். தேத்தண்ணி போடுறன்.”

கொலினின் கோப்பை என் கையில் இருந்தது. நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். நன்றி டொக்டர், எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்று.

அவர் கையை இறக்கி, என்னையும் கோப்பையையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அலுவலகத்தில் வரைபடக்காரர் மணியத்தை உங்களுக்குத் தெரியும். இரண்டாம் மாடியில் இன்னும் இருக்கிறார். நான் இங்கே எழுதுவதில் பொய் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பினாங்கிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவர். நில அளவைப் படத்தின் பழைய பிரதியை மேசையில் விரித்து, என் கோட்டை வரையத் தொடங்கினார். பென்சிலை நிறுத்தினார்.

“என்னா ஜெசி, இங்க பாரு. தூண் கிட்ட சின்னதா ஒன்னு திரும்புது. இது கோடா, காகிதம் மடிஞ்ச தடமா?”

குனிந்து பார்த்தேன். படம் சரியாக அந்த இடத்தில்தான் பல ஆண்டுகளாக மடிக்கப்பட்டிருந்தது.

“மடிப்புத்தான்.”

“கீழ எறங்கிப் பாத்தியா? தண்ணி ஓரத்துல எல்லை முளை இருக்கும்லா.”

“ஓம், பார்த்தனான்.”

“ரெண்டு பக்கமும்?”

“ஓம் எண்டு சொல்லுறன்தானே. நீங்க என்ன, பொலிஸோ?”

“ஐயோ சாமி, சும்மா கேட்டேன்லா. கோவிச்சுக்காதே.” வரைந்து கொடுத்தார்.

அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்: ‘இரு பக்கமும் நேரில் பார்வையிடப்பட்டது.’ எழுதும்போது பேனா தடுமாறவில்லை. பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே வரவில்லை. வேலிக்கு மேலால் மறுபக்கத்தைப் பார்த்தேன்தானே என்றுதான் இருந்தது. இதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். பெரிய பொய் எழுதும்போது மனம் உங்களைத் தடுக்கும். இப்படிப்பட்ட வரி எழுதும்போது அது பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்யும்.

மிதவையை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அகற்றவேண்டும், இல்லாவிட்டால் மன்றத்தின் ஒப்பந்தக்காரர் இழுத்துப் போவார் என்று டொக்டருக்குக் கட்டளை போனது. அவருடைய பதில் ஒரே வரி: கோடு பிழை, இறங்கி வந்து பாருங்கள். திமிர் என்று நினைத்தேன். கடிதத்தைக் கோப்பில் கோத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கொலினின் புல்வெளிக்குப் போனேன். காற்று ஓய்ந்திருந்தது. ஒப்பந்தக்காரரின் அலுமினியப் படகு கற்சுவருக்கு அருகே நின்றது. இரண்டு பேர். ஒருவர் கையில் சங்கிலி வெட்டும் நீண்ட கத்தரி. கொலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். டொக்டர் மிதவையின் நடுவில், கழுத்துப் பட்டியும் பளபளக்கும் சப்பாத்துமாக, வைத்தியசாலைக்குப் புறப்பட்டவர்போல நின்றார்.

சுவரின் மேலிருந்து தமிழில் கூப்பிட்டேன்.

“டொக்டர், கரைக்கு வாங்கோ. பன்னிரண்டுக்குச் சங்கிலியை வெட்டப் போகினம்.”

“வெட்டச் சொல்லும்.”

“நீங்க அதில நிண்டா எப்பிடி வெட்டுறது?”

“பன்னிரண்டுக்கு எண்டுதானே எழுதினனீர்? இன்னும் பன்னிரண்டு ஆகேல்லை.”

“ஏன் டொக்டர் இப்பிடிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க?”

“நான் எழுதின கடிதத்தை வாசிச்சனீரோ?”

“வாசிச்சன்.”

“வந்து பாரும் எண்டு எழுதினன். வந்தனீரோ?”

படகின் பக்கம் திரும்பினேன். படகிலிருந்தவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் தொனி புரிந்தது. கத்தரி வைத்திருந்தவர் சிரித்தார். “ஜெஸ், தலையை மட்டும் ஆட்டு. வேண்டுமென்றால் அவரையும் சேர்த்தே இழுத்துப் போகிறோம். நல்ல வெயில், உலாப் போனது மாதிரி இருக்கும்.”

கொலின் சிரிக்கவில்லை. “பத்து நிமிடம்தான் குறைவு. முடித்துவிடுங்கள்” என்றார்.

வெட்டுவதா நிறுத்துவதா என்பதை அங்கே நான் ஒருத்திதான் சொல்லலாம். மேலதிகாரி நகரத்தின் மறுபக்கத்தில் இருந்தார். பத்து நிமிடத்துக்காக இத்தனை பேரை ஏன் நிறுத்திவைப்பது, இப்போது தளர்ந்தால் இந்தக் கரை முழுவதும் என்னை மதிக்காது என்று தோன்றியது. கையைத் தூக்கினேன். பாதி உயர்ந்திருக்கும்.

மிதவையின் மறுபக்கத்தில், தண்ணீருக்குள் இறங்கும் சரிவுப் பலகையின் கைப்பிடிக் குழாயில், ஒரு கை வந்து பற்றியது. நனைந்த கை. மணிக்கட்டில் இரண்டு தங்கக் காப்பு.

“நிறுத்துங்கள்!” என்று கத்தினேன். படகிலிருந்தவர் கத்தரியைச் சங்கிலியில் ஏற்கெனவே வைத்திருந்தார். அப்படியே உறைந்தார்.

அந்தக் கைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. தண்ணீர் மார்பளவில். அவர் நீந்தவில்லை. நடந்துகொண்டிருந்தார். ஓர் அடி, நிற்பது, இன்னோர் அடி. மிதவைக்கு அப்பால் இரண்டு எட்டில் தரை சடாரென்று ஆழமாகப் போகும் இடம் அது. சங்கிலி அறுந்து மிதவை விலகினால், அந்தக் கை எதைப் பிடித்திருக்கும்?

சுவரால் இறங்கமுடியாது. திரும்பி ஓடினேன். கொலின் வீட்டுப் பாதை, தெரு, டொக்டர் வீட்டுப் படலை, வீட்டின் பக்கம். அலுவலகச் சப்பாத்தில் ஒன்று வழியிலேயே கழன்றது. பின்னால் கல்லில் வெட்டிய பதினான்கு படிகள். இரண்டு பக்கமும் புதிதாகப் போட்ட கைப்பிடி. தெருவிலிருந்து பார்த்தால் இவை எதுவும் தெரியாது. வேலிக்கு மேலால் பார்த்தாலும் தெரியாது.

மிதவையில் கால் வைத்தபோது டொக்டர் திரும்பாமலே சொன்னார்:

“தேத்தண்ணி குடிக்க ஏலாத வீட்டுக்கு இப்ப மட்டும் என்னத்துக்கு வாறீர்?”

“அன்ரியை முதல் தூக்குவம், டொக்டர்.”

“தொடாதேயும்.” குரல் தாழ்ந்திருந்தது. “அவ தானா ஏறுவா. பக்கவாதம் வந்து பதினொரு மாசம். வலப்பக்கம். நிலத்தில நடக்க ஏலாது, தண்ணிக்குள்ள ஏலும். நாளுக்கு இருபது தரம் இந்தக் குழாயைப் பிடிச்சு நடக்கிறவ. இண்டைக்குக் கடைசி எண்டு தெரியும். முடிக்கட்டும் எண்டுதான் நிண்டனான்.”

அவர் என்னை எதிர்த்து நிற்கவில்லை. மனைவிக்காகக் காவல் நின்றிருக்கிறார்.

“கடிதத்தில ஒரு சொல் எழுதியிருக்கலாமே, டொக்டர்.”

“என்ரை மனுசியின்ரை காலைக் காட்டிக் கவுன்சிலிட்டைப் பிச்சை எடுக்கிறதோ? கோடு பிழை எண்டா, பிழை எண்டுதான் சொல்லோணும்.”

நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது, இனிமையாக இல்லை.

டொக்டரின் மனைவி சரிவுப் பலகையில் ஏறுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். படகிலிருந்தவர் இயந்திரத்தை நிறுத்தினார். கொலின் சுவர்மேல் வந்து நின்றார். மிதவைக்குப் பின்னால் ஆள் இருப்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அம்மையார் மேலே வந்து, இருக்கையில் சாய்ந்து, மூச்சு வாங்கி, ஒரு பக்கம் இழுத்த வாயால் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“பன்னி... ரண்டு ஆச்சோ, பிள்ளை?”

“இன்னும் இல்லை, அன்ரி.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கரைப்பக்கம் திரும்பினேன். திரும்பியபோதுதான் கண்டேன். கற்சுவருக்கும் படிக்கும் நடுவே பாறையில் ஒரு பிளவு. அதற்குள் அடித்து இறக்கிய இரும்பு முளை. தலையில் உரிந்துபோன வெள்ளைப் பூச்சு. கரைமேட்டுத் தூணிலிருந்து நேராக அல்ல, கொலின் பக்கமாக ஆறேழு எட்டு விலகி இருந்தது. எல்லை தூணோடு முடியவில்லை. அங்கே வளைந்து, கீழே இறங்கி, இந்த முளைக்கு வருகிறது. மணியம் காட்டியது மடிப்பு அல்ல. கோடு.

எங்கள் கடற்கரையில் ஆண்கள் எல்லாம் தண்ணீரில் நின்று கரையைப் பார்த்துத்தான் இடம் குறிப்பார்கள். தென்னையையும் கோவில் சிலுவையையும் ஒரு நேரில் வைத்து அப்பா சொல்லும் இடம் இரு கை விரித்த ஒரு பாகம்கூடப் பிசகாது. படித்தவள் என்பதால் நான் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்து அளந்தேன்.

இப்போது எனக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. இங்கேதான் நீங்கள் கவனமாக வாசிக்கவேண்டும். ஒரு நோயாளி இருக்கிறார், மனிதாபிமான அடிப்படையில் கட்டளையை ஈஸ்டர் வரை நிறுத்திவைக்கிறேன் என்று அறிவிக்கலாம். கொலின்கூட அந்த நேரத்தில் ஒப்புக்கொண்டிருப்பார். எல்லோரும் என்னை நல்லவள் என்பார்கள். என் வரியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். டொக்டர் மட்டும், தனக்கு உரிமையான இடத்தில், என் இரக்கத்தில் நின்றவராகிப் போவார்.

மிதவையில் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். நான் இந்தப் பக்கம் இறங்கிப் பார்க்கவில்லை. பார்த்ததாக அறிக்கையில் எழுதியிருக்கிறேன். நான் கொடுத்த கோடு பிழை. எல்லை முளை அங்கே இருக்கிறது. இந்த மிதவையை யாரும் தொடக்கூடாது.

படகிலிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்தார். கொலின்தான் முதலில் பேசினார்.

“அப்படியென்றால் என்னுடைய மிதவை?”

“அளக்கவேண்டும், கொலின். பார்த்த அளவில் உங்களுடையதுதான் கோட்டுக்கு மிக அருகில் நிற்கிறது.”

“முப்பது கோடையாக அங்கேதான் நிற்கிறது!”

“தெரியும்.”

“என் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுப் போனாய், பெண்ணே.”

“அதுவும் தெரியும்.”

அவர் நேராக வீட்டுக்குள் போய் என் மேலதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் பேருந்தில் துறைமுகப் பாலம் தாண்டி அலுவலகம் வந்து சேர்வதற்குள் விஷயம் எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. மேலதிகாரி கத்தவில்லை. அறிக்கையை என் முன்னால் வைத்து, அந்த வரியை விரலால் காட்டினார். அதை அழிக்காமல், கீழே உள்ளது தெரியும்படி ஒரு கோடு போட்டு அடிக்கச் சொன்னார். பக்கத்தில் உண்மையை எழுதி, பெயரும் திகதியும் போட்டேன். தானும் பார்க்காமல் ஒப்பமிட்டதாக அதன் கீழே எழுதி அவரும் கையொப்பம் வைத்தார். தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். அந்தக் கோப்பு பச்சை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

மணியத்திடம் போய், “அது கோடுதான்” என்றேன். “நான் கீழ இறங்கேல்லை. உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

பென்சிலைச் சீவிக்கொண்டே, “தெரியும்லா” என்றார். “கீழ எறங்குனவ சப்பாத்துல சேறு இல்லாம வருவாளா? இன்னைக்குத்தான் ஒத்தச் சப்பாத்தோட வந்திருக்க.”

அன்று மாலை வீட்டில் மாதா படத்திலிருந்து அட்டையை எடுக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்தார்.

“ஏன் மகள், வேலை போட்டுதோ?”

“இல்லையம்மா. பிழையா ஒண்டை எழுதிப்போட்டன்.”

“பிறகு?”

“வெட்டித் திருத்திப்போட்டன்.”

“அப்ப ஏன் எடுக்கிறாய்? கிடக்கட்டும்.”

புதிதாக அளந்தோம். டொக்டரின் மிதவை இருந்த இடத்திலேயே நின்றது. கொலினுடையதை இரண்டு மீட்டர் தள்ளவேண்டியிருந்தது. தள்ளினார். அந்தக் கோடை முழுவதும் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. தை மாதம் ஒரு நாள் அவருடைய பேரப்பிள்ளைகள் சரிவுப் பலகைக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்று, அம்மையாரின் நடையை ஆங்கிலத்தில் உரக்க எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கொலின் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் மன்னிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் சம்பளத்தில் சேர்ந்ததல்ல.

உங்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான். இந்தக் கரையில் இப்போது நம்மவர்கள் வீடு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். தமிழர் அதிகமாகக் குடியிருக்கும் லின்ஃபீல்டிலேயே இதைப் பேசிக்கொள்கிறார்கள். உங்களையும் கேட்பார்கள்: எந்த ஊர், ஆரின்ரை பிள்ளை, தகப்பன் என்ன செய்தவர். சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு அளவு நாடாவை விரியுங்கள். கேள்விக்குப் பயந்து வாசலில் நின்றால் கோணலாகத்தான் அளப்பீர்கள். நம்மவருக்குச் சாய்ந்துவிடுவோமோ என்று அஞ்சி மறுபக்கம் சாய்வதும் சாய்வுதான். நான் அப்படித்தான் சாய்ந்தேன். ஒரு வீட்டில் தேநீர் குடித்தால் மற்ற வீட்டிலும் குடியுங்கள். குடித்ததைப் பார்வைக் குறிப்பில் எழுதுங்கள். நான்கு ஆண்டுகளாக நான் எழுதுகிறேன். முதலில் அதைப் பார்த்துச் சிரித்த மேலதிகாரியும் இப்போது எழுதுகிறார்.

தொலைபேசியில் டொக்டர் மௌனமான அந்த ஒரு விநாடியைப் பற்றி நான் அவரிடம் கேட்டதே இல்லை. நான் நினைத்ததாகவே இருக்கலாம். அந்த நேரம் பின்னால் அவர் மனைவி கதிரையைப் பிடித்து எழுந்து நின்றிருக்கவும் கூடும்.

கடைசியாக இந்த லேபர் வீக்கெண்டுக்கு மறுநாள் போனேன். முதலில் கொலின் வீடு. தேநீர் கொடுத்தார், பிஸ்கட் இல்லை. பிறகு பதினான்கு படியும் இறங்கி, மிதவையில் டொக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். மேலே கதவு திறந்தது.

அம்மையார் வந்தார். இடது கை கைப்பிடியில். வலது கையில் தட்டும் கோப்பையும். முதல் படியில் காலை வைத்து நின்றார். கோப்பை தட்டில் கிடுகிடுவென்று அடித்தது. நான் எழும்பப் போனேன். டொக்டர் என் முழங்கையில் இரண்டு விரலை வைத்தார். அவர் பார்வை படிகளை விட்டு அசையவில்லை. உட்கார்ந்தேன்.

ஐந்தாம் படியில் தேநீர் தட்டில் சிந்தியது. ஒன்பதாம் படியில் அவர் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மறுபடி இறங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் கொலினின் புல் வெட்டும் இயந்திரம் நின்றுபோயிருந்தது. பதினான்காம் படி. பலகை. நான்கு எட்டு. தட்டை என் முன்னால் நீட்டினார்.

“குடி... பிள்ளை.”

இரண்டு கையாலும் வாங்கினேன். ஆறியிருந்தது. சீனி அதிகம். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, பேனாவை எடுத்து அன்றைய குறிப்பை முடித்தேன். பச்சை இழுப்பறையில் மேலாகவே இருக்கும்:

முளையிலிருந்து மிதவை வரை அளக்கப்பட்டது, சரி. சங்கிலி, சரி. சரிவுப் பலகை, கைப்பிடி, சரி. தேநீர், இரு வீட்டிலும். இங்கே அரைக் கோப்பை.